கலிஃபோர்னியா நோட்டரி தேர்வு: சீல் போடக் கூடாத இடங்களைப் படியுங்கள்

வாசகர் கேள்வி: "கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். அஃபிடவிட், பவர் பத்திரம், நோட்டரி சீல் எல்லாம் தினமும் கையில் புழங்கியவைதான். அந்தத் தைரியத்தில் இங்கே நோட்டரி பப்ளிக் ஆகலாம் என்று ஆறு மணி நேர வகுப்பை முடித்தேன். நெட்டில் கிடைத்த மாதிரி வினாக்களையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போனேன். 64 தான் வந்தது, 70 வேண்டும். வகுப்புக்கு மறுபடி போகணுமா? கையேட்டை மனப்பாடம் பண்ணணுமா? இன்னும் கிரீன் கார்டுதான், சிட்டிசன் இல்லை. அது பின்னால் தடையாகுமா? பாஸானால் நம் ஊர்க்காரர்களுக்காகத் தமிழில் விளம்பரம் போடலாமா? கடைசியாக ஒன்று. மாமனார் காலமாகிவிட்டார். மதுரை வீட்டை விற்க என் கணவர் தன் தம்பிக்குப் பவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை நானே நோட்டரைஸ் செய்ய முடியுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வகுப்புக்கு மறுபடி போக வேண்டாம். அந்தச் சான்றிதழ் 2 வருஷம் செல்லும். தேர்வை ஒரு காலண்டர் மாதத்தில் ஒரு தடவைதான் எழுதலாம் என்பதால் அடுத்த மாதத்துக்குப் பதிவு செய்யுங்கள். முதல் தடவை 40 டாலர் கட்டியிருப்பீர்கள், மறுதேர்வுக்கு 20 தான். குடியுரிமை பற்றிய பயமும் வேண்டாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் சட்டப்படி வசிப்பவராக இருக்க வேண்டும். சிட்டிசனாக இருக்க வேண்டும் என்று இங்கே கேட்பதில்லை. டெக்சஸ் மாநிலம் அப்படி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. 1984இல் பெர்னல் எதிர் ஃபெய்ன்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கிரீன் கார்டு உங்களுக்குப் போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மதுரை வக்கீல் ஆபீஸ் அனுபவத்தைப் பலமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆறு மதிப்பெண் அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. பத்திரத்தைக் கண்டு பயப்படாத கண் உங்களுக்கு இருக்கிறது, அது நாளைக்குத் தொழிலில் பெரிய பலம். ஆனால் இந்தியாவில் நோட்டரி என்றால் பொதுவாகப் பத்து வருஷமாவது தொழில் செய்த வழக்கறிஞர். 1952ஆம் வருஷத்து நோட்டரிச் சட்டப்படி அரசு நியமிக்கிறது. அவர் பத்திரம் எழுதுவார், யோசனை சொல்வார், நகலில் உண்மை நகல் என்று சான்று வைப்பார். இங்கே நோட்டரி ஆவதற்குச் சட்டப் படிப்பே தேவையில்லை. யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்பதாலேயே அவருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் ரொம்பக் கொஞ்சம், ஒவ்வொன்றையும் சுற்றி வேலி. தேர்வு அந்த வேலியைத்தான் கேட்கிறது. சீல் எப்படிப் போடுவது என்று கேட்கும் கேள்விகளைவிட, இந்த ஆள் இந்தத் தாளோடு வந்தால் போடலாமா என்று கேட்கும் கேள்விகள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஊர்ப் பழக்கத்திலும் நல்ல மனசோடும் பதில் சொன்னால் பல இடங்களில் தப்பாகிவிடும்.

முதலில் நகல். நம் ஊர்க்காரர்கள் நோட்டரியைத் தேடி வருவது பெரும்பாலும் இதற்குத்தான்: பிறப்புச் சான்றிதழ் நகல், கல்யாணப் பதிவு நகல், டிகிரி நகல். கலிஃபோர்னியா நோட்டரி ஒருவர் பவர் பத்திரத்தின் நகலுக்கு மட்டுமே சான்று தரலாம். அதைத் தவிர, செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் (நோட்டரிகளை நியமிக்கும் மாநில அதிகாரி) அல்லது நீதிமன்றம் கேட்டால் தன் ஜர்னலின், அதாவது செய்த ஒவ்வொரு வேலையையும் பதியும் ஏட்டின், நகலுக்குத் தரலாம். அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் நகலில் சான்று வைக்கவே கூடாது. அப்படியானால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா? இல்லை. சான்றிதழுக்குச் சொந்தக்காரர் "இது என்னிடம் உள்ள அசலின் உண்மை நகல்" என்று தானே ஒரு தாளில் எழுதி, நோட்டரி முன் சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம். நோட்டரி அந்தக் கையெழுத்துக்கு ஜுராட் தருவார், அதாவது தன் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்டார் என்ற சான்று. நகலுக்குச் சான்று அவருடையது, சத்தியத்துக்குச் சான்று நோட்டரியுடையது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் இரண்டு மூன்று கேள்வி உங்கள் பக்கம் வந்துவிடும்.

அடுத்தது அடையாளம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஒரு கேள்வியை மனசில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா, உங்களுக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். பர்ஸ் திருட்டுப் போய்விட்டது, கையில் ஒரு அடையாள அட்டையும் இல்லை. ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறார். செய்யலாமா? "எனக்கு நன்றாகத் தெரிந்தவர்தானே" என்று செய்தால் தப்பு. 2008 ஜனவரி 1 முதல் நோட்டரிக்கு ஆளைத் தெரியும் என்பது மட்டும் கலிஃபோர்னியாவில் செல்லாது. அந்த அம்மா கிரெடிபிள் விட்னஸ், அதாவது "இவர் இன்னார்தான்" என்று சத்தியம் செய்யும் சாட்சியை, கூட்டி வரலாம். ஒரே சாட்சி என்றால் அவரை நோட்டரிக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும், அவரிடம் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். இரண்டு சாட்சி என்றால் நோட்டரிக்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரிடமும் அட்டை இருக்க வேண்டும், இருவரும் ஜர்னலில் கையெழுத்திட வேண்டும். சாட்சி என்னென்ன சத்தியம் செய்கிறார் என்பதையும் கேட்பார்கள். இவர் பத்திரத்தில் பெயருள்ள ஆள்தான். இவரை எனக்கு நேரில் தெரியும். இவரிடம் ஏற்கத்தக்க அட்டை இல்லை. வேறு அட்டை பெறுவது இவருக்கு ரொம்பக் கஷ்டம் அல்லது முடியாது என்று நம்புகிறேன். இந்தப் பத்திரத்தில் எனக்குப் பண லாபம் எதுவும் இல்லை, என் பெயரும் அதில் இல்லை. இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகிவிடுங்கள்.

இதே பகுதியில் எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு. காலாவதியான டிரைவர் லைசென்ஸைப் பார்த்ததும் மறுக்கத் தோன்றும். சட்டம் சொல்வது "நடப்பில் இருக்க வேண்டும், அல்லது கடந்த 5 வருஷத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும்" என்று. கொடுத்து நாலரை வருஷம், காலாவதியாகி ஒரு மாதம் என்றால் அது செல்லும். மறுக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லும் நானே சொல்கிறேன், காரணமில்லாமல் மறுப்பதும் தப்புதான். தொழிலில் உங்களுக்கு அடிக்கடி வரப்போகிற இன்னொன்று ஆதார் அட்டை. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஏற்கத்தக்க அட்டைகளின் பட்டியலில் ஆதார் இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஆள் நேரில் வருவது. அக்னாலெட்ஜ்மென்டுக்கும் ஜுராட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லோரும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள், தேர்வு அறையில் குழம்பிவிடுகிறார்கள். அக்னாலெட்ஜ்மென்டில் அவர் நேற்றே வீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. இன்று உங்கள் முன் வந்து "இது நான் போட்டதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜுராட்டில் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், சத்தியமும் செய்ய வேண்டும். நேற்றே போட்டுக் கொண்டு வந்திருந்தால் உங்கள் முன் மறுபடி போடச் சொல்ல வேண்டியதுதான். இரண்டிலும் ஆள் எதிரில் இருந்தாக வேண்டும். வீடியோ காலில் செய்ய 2023இல் ஒரு சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது நடைமுறைக்கு வர 2030 ஜனவரி 1 வரை கெடு கொடுத்திருக்கிறார்கள். செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் அறிவிக்கும் வரை கலிஃபோர்னியா நோட்டரி கேமரா வழியாகச் செய்யக் கூடாது.

இரண்டில் எது வேண்டும் என்று வந்தவர் கேட்டால்? மதுரையில் உங்கள் வக்கீல் பதில் சொல்லியிருப்பார். இங்கே நீங்கள் சொல்லக் கூடாது. இரண்டும் என்ன என்று விளக்கலாம். தேர்ந்தெடுப்பது அவர் அல்லது அந்தப் பத்திரத்தைக் கேட்கும் அலுவலகம். எந்தப் பத்திரம் எழுதுவது, இந்த வரியைச் சேர்க்கலாமா, செல்லுமா செல்லாதா என்று எது கேட்டாலும் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். உங்கள் அனுபவம் உள்ளவர்களுக்கு வாயை அடக்குவதுதான் கஷ்டம், தெரியும். பத்திரத்தில் நிரப்பாத இடம் தெரிந்தால் சீல் போடக் கூடாது, ஆனால் அங்கே என்ன நிரப்புவது என்று நீங்கள் சொல்லவும் கூடாது. "நேத்துத் தேதி போட்டுக் கொடுங்க" என்றால் முடியாது. சான்றில் ஆள் உங்கள் முன் வந்த தேதிதான் இருக்க வேண்டும்.

கைநாட்டு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், அதில் நம் ஆட்களுக்கு இரட்டைக் குழப்பம். ஜர்னலில் வாங்கும் பெருவிரல் ரேகை ஒன்று, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் குறி வேறு. முதலாவது அடையாளத்துக்கு. கிரயப் பத்திரம், குவிட்கிளெய்ம் (சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுப்பது), டீட் ஆஃப் டிரஸ்ட் (கடனுக்கு வீட்டை ஈடு வைப்பது), அசையாச் சொத்தைப் பாதிக்கும் வேறு பத்திரங்கள், பவர் பத்திரம் இவற்றுக்கெல்லாம் எம்.ஏ. படித்தவரானாலும் ஜர்னலில் வலது பெருவிரல் ரேகை வைத்தாக வேண்டும். வலது இல்லையென்றால் இடது, அதுவும் முடியாவிட்டால் வேறு எந்த விரலோ அது, எந்த விரல் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ஜப்தி ஏலத்துக்குப் பின் எழுதும் டிரஸ்டீ டீடுக்கும், கடன் தீர்ந்து ஈட்டை விடுவிக்கும் ரீகன்வேயன்ஸ் டீடுக்கும் மட்டும் இது வேண்டாம். ரேகை வாங்காமல் விட்டால் 2,500 டாலர் வரை அபராதம்.

இரண்டாவது, எழுதத் தெரியாத அல்லது கை நடுங்கிப் பேனா பிடிக்க முடியாத பெரியவருக்கு. அவர் பத்திரத்தில் ஒரு குறி போடுவார். எழுதத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதைப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் குறிக்குப் பக்கத்தில் பெரியவரின் பெயரை எழுத வேண்டும், இருவரும் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். பெரியவரின் அடையாளத்தை வழக்கம்போல் அட்டையை வைத்தோ கிரெடிபிள் விட்னஸ் மூலமாகவோ நீங்கள் உறுதி செய்கிறீர்கள். குறிக்குச் சாட்சியாக நிற்பவர்களின் அட்டையைக் கேட்கத் தேவையில்லை. தேர்வில் "சாட்சி" என்ற சொல்லைப் பார்த்ததும் கிரெடிபிள் விட்னஸ் என்று நினைத்துப் பலர் வழுக்குவது இங்கேதான். ஜர்னலிலும் பெரியவர் குறி போட வேண்டும், அதை ஒருவர் பார்த்துப் பெயர் எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் சொத்து சம்பந்தப்பட்டதானால் குறியும் வேண்டும், ரேகையும் வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? கையேட்டை வரி வரியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு ஜர்னல் பக்கத்தை நீங்களே கோடு போட்டுத் தயார் செய்து, கற்பனை ஆட்களை வைத்து நிரப்புங்கள். தேதி, நேரம், என்ன செயல், என்ன பத்திரம், ஆளின் கையெழுத்து, அடையாளம் எப்படி உறுதியானது, கட்டணம், தேவையானால் ரேகை. லைசென்ஸ் என்று மட்டும் எழுதினால் போதாது: எந்த அலுவலகம் கொடுத்தது, எண் என்ன, கொடுத்த தேதி அல்லது காலாவதித் தேதி என்ன என்பதெல்லாம் வர வேண்டும். காசு வாங்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் "0" என்று எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து வரி நிரப்பினால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது ஏன் கேட்கப்படுகிறது, இது கிடைக்காவிட்டால் நான் என்ன செய்வேன்" என்று கேட்டுவிட்டுக் கையேட்டில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். வாசித்தது அப்போதுதான் தங்கும்.

ஜர்னலைப் பற்றியே தனியாகக் கேள்விகள் வரும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஜர்னல்தான் நடப்பில் இருக்கலாம். பூட்டி வைக்க வேண்டும், உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. வேலை பார்க்கும் கம்பெனி காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் ஜர்னல் உங்களுடையது, முதலாளி கேட்டாலும் விட்டுவிட்டு வரக் கூடாது. பொதுமக்களில் ஒருவர் மாதம், வருஷம், சம்பந்தப்பட்டவர்கள் பெயர், பத்திர வகை எல்லாம் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டால் அந்த ஒரு வரியின் நகலை 15 வேலை நாளுக்குள் தர வேண்டும். போலீஸ் அதிகாரி குற்றம் நடந்ததற்கான தகுந்த காரணத்தோடு கேட்டால் ஜர்னலையே ஒப்படைக்க வேண்டும், 10 நாளுக்குள் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைந்தாலோ திருட்டுப் போனாலோ நாள் கணக்கே கிடையாது, உடனே தெரிவிக்க வேண்டும்.

எண்களைப் படிக்கும்போது எண்ணை வைத்துப் பட்டியல் போடாதீர்கள், நிகழ்ச்சியை வைத்துப் போடுங்கள். "30 நாள்" என்ற தலைப்பில் நாலு விஷயம் எழுதினால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். "வீடு மாறினேன்" என்று எழுதி 30 நாள், சர்ட்டிஃபைட் மெயில் என்று போடுங்கள். "பதவிக்காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை" என்று எழுதி 30 நாள், ஜர்னல்கள் எல்லாம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க்கிடம் என்று போடுங்கள். கட்டணமும் அப்படித்தான். அக்னாலெட்ஜ்மென்டுக்கு ஒரு கையெழுத்துக்கு 15 டாலர், ஜுராட்டுக்கு ஆளுக்கு 15. இரண்டு பேர் ஒரே பத்திரத்தில் அக்னாலெட்ஜ் செய்தால் 30. டெபோசிஷனுக்கு (வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வெளியே வாங்கும் வாக்குமூலம்) 30, அதன் மேல் சத்தியத்துக்கு 7, சான்றுக்கு 7. பொய் என்று தெரிந்தே அக்னாலெட்ஜ்மென்ட் சான்றில் எழுதினால் 10,000 டாலர் வரை அபராதம். சீலின் அளவையும் விடாதீர்கள்: வட்டம் என்றால் குறுக்களவு 2 அங்குலத்துக்கு மிகாமல், செவ்வகம் என்றால் 1 அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம் மிகாமல்.

நீங்கள் இருக்கும் இடத்தை வைத்தே ஒரு கேள்வி கேட்கிறேன். நோட்டரியானபின் உங்கள் பாண்டு (தவறு நடந்தால் நஷ்டப்பட்டவருக்கான பிணைப் பத்திரம்) அலமீடா கவுண்டியில் பதிவாகியிருக்கும், சீலிலும் அலமீடா என்றுதான் இருக்கும். பக்கத்து மில்பிடாஸில் ஒருவர் வீட்டுக்குப் போய் நோட்டரைஸ் செய்கிறீர்கள். சான்றின் தலையில் எந்தக் கவுண்டி? சாண்டா கிளாரா. செயல் நடக்கும் இடம் எதுவோ அதுதான். உங்கள் அதிகாரம் மாநிலம் முழுக்கச் செல்லும். சொத்து எங்கே இருக்கிறது, பத்திரம் எங்கே பதிவாகப் போகிறது என்பதெல்லாம் அந்த வரிக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள்.

அப்புறம் அந்த நெட்டில் கிடைத்த மாதிரி வினாக்கள். அவற்றில் பழசு நிறைய. ஒரு கையெழுத்துக்கு 10 டாலர் என்று விடை இருந்தால் அது 2017க்கு முந்தையது. அந்த வருஷம்தான் 15 ஆனது. ஆளைத் தெரிந்திருந்தால் போதும் என்று இருந்தால் 2008க்கு முந்தையது. அக்னாலெட்ஜ்மென்ட் சான்றின் மேலே கட்டம் போட்ட அறிவிப்பு இல்லாத படிவம் 2015க்கு முந்தையது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தத் தொகுப்பையே மூடிவிடுங்கள். செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் இணையதளத்தில் இந்த வருஷத்துக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. படிக்க வேண்டியது அதுதான். அச்சடித்துக் கையில் வைத்துப் படிப்பது நல்லது. ஆங்கிலத்தில் "மஸ்ட்", "ஷேல்" என்று வரும் இடத்தை ஒரு நிறத்திலும் "மே" என்று வரும் இடத்தை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். கேள்வித்தாளில் "நாட்", "எக்ஸெப்ட்" வந்தால் நிறுத்தி மறுபடி படியுங்கள். ஒரு மணி நேரம் போதுமான நேரம்தான், அவசரம் வேண்டாம்.

தேர்வில் தேறியதும் லைவ் ஸ்கேன் மையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் ஒரு வருஷம்தான் செல்லும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பத்தில் பழைய தண்டனைகள் இருந்தால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இருக்காது, இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மறைத்ததே மறுப்பதற்குக் காரணமாகும். அதன் பின் கமிஷன், அதாவது நோட்டரி நியமனம், வரும், நாலு வருஷத்துக்கு. பலர் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தில்தான். கமிஷன் தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் 15,000 டாலர் பாண்டையும் சத்தியப் பிரமாணத்தையும் கவுண்டி கிளார்க்கிடம் பதிவு செய்ய வேண்டும். அஞ்சல் தாமதம், ஊருக்குப் போயிருந்தேன் என்று எதுவும் எடுபடாது, ஒரு நாள் தாண்டினாலும் அந்தக் கமிஷன் போய்விடும். உங்களுக்கு ஓக்லண்டில்தான் கிளார்க் அலுவலகம். தபாலை நம்பாமல் நேரில் போங்கள். பாண்டு என்பது உங்களைக் காக்கும் காப்பீடு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. உங்கள் தவறால் நஷ்டப்பட்டவருக்கு அந்தக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும். உங்களுக்கான காப்பீடு தனி. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, நான் எடுக்கச் சொல்வேன்.

தமிழில் விளம்பரம் போடலாம். நம் பெரியவர்களுக்கு அது ரொம்ப உபகாரம்: நோட்டரி வந்தவரோடு நேரடியாகப் பேச முடிய வேண்டும், நடுவில் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்யக் கூடாது. ஆங்கிலம் வராத ஒரு அம்மாவுக்குத் தமிழ் தெரிந்த நோட்டரி கிடைப்பது இங்கே சுலபமில்லை. ஆனால் வழக்கறிஞர் அல்லாத நோட்டரி ஆங்கிலம் தவிர்த்த மொழியில் எழுத்தில் விளம்பரம் செய்தால், "நான் வழக்கறிஞர் அல்ல, ஆகவே குடியேற்றம் பற்றியோ வேறு எந்தச் சட்ட விஷயம் பற்றியோ ஆலோசனை தர முடியாது" என்ற அறிவிப்பும் சட்டம் நிர்ணயித்த கட்டணமும் ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் கூடவே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடும் நோட்டீஸிலும் சேர்த்தே போடுங்கள். மீறினால் முதல் தடவையே குறைந்தது ஒரு வருஷம் கமிஷன் நிறுத்தம் அல்லது ரத்து வரை போகும். தேர்விலும் இது வரும். வீட்டுக்குப் போய்ச் செய்தால் பயணச் செலவைத் தனியாக வாங்கலாம். தொகையைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவரின் பவர் பத்திரம். உறவினருக்கு நோட்டரைஸ் செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இல்லை. நோட்டரிக்கு அந்த நடவடிக்கையில் நேரடியான பண லாபமோ சொத்துப் பலனோ இருந்தால்தான் கூடாது. கணவன் மனைவி விஷயத்தில், திருமணச் சொத்து இருவருக்கும் பொது என்ற விதியால் இது சிக்கலாகும். அப்பா வழியில் வந்த சொத்து கலிஃபோர்னியா சட்டப்படி பொதுவாக அவருடைய தனிச் சொத்துதான். ஆனால் வீடு விற்ற பணம் உங்கள் குடும்பத்துக்குத்தானே வரப்போகிறது? அந்தச் சந்தேகத்தை நீங்கள் சுமக்க வேண்டாம், வேறு நோட்டரியிடம் போங்கள். 15 டாலரோடு முடிகிற வேலை அது. தேர்வுக்கு முன் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியும் இருக்கும்.

அவரிடம் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மதுரையிலிருந்து டைப் செய்து வரும் பத்திரத்தின் அடியில் நோட்டரிக்கென்று ஒரு வரி இருக்கும். அதில் வெறும் கையெழுத்தும் சீலும் வைத்தால் செல்லாது. கலிஃபோர்னியா அக்னாலெட்ஜ்மென்ட் சான்றைத் தனித் தாளில் இணைக்க வேண்டும். வேறு வாசகம் உள்ள படிவத்தை நிரப்பலாம் என்ற சலுகை அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்குப் போகும் பத்திரத்துக்கு மட்டும்தான். அதன் பின் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட்டிடம் அப்போஸ்டில் (நோட்டரியின் கையெழுத்தும் சீலும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்குத் தரும் சான்று) வாங்க வேண்டும். சாக்ரமென்டோவில் நேரில் கொடுத்தும் வாங்கலாம். 2005 முதல் இந்தியாவும் அப்போஸ்டிலை ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பத்திரம் இந்தியாவில் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்று இந்திய முத்திரைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கம் வேலை எங்கே, எப்படி என்பதை உங்கள் பழைய ஆபீஸ் வக்கீலிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்போஸ்டில் தாளைப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்த பின்னைப் பிரிக்காமல் அப்படியே கொழுந்தனுக்கு அனுப்புங்கள்.